கிடாருக்கு ஒயர்லெஸ்: காற்றில் இடம் பிடித்த கதை

ஆடித்தபசு நெருங்க நெருங்க எங்கள் சங்கரன்கோவில் பக்கத்து ஆர்க்கெஸ்ட்ராக்காரர்களிடம் ஒரு கேள்வி சுற்ற ஆரம்பித்துவிடும். "கிடாருக்கு ஒயர்லெஸ் போட்டுருவோமா? போட்டா எந்த செட்டு போடலாம்?" மேடையில் இங்கும் அங்கும் நடந்து வாசிக்கலாம், கால் தடுக்காது, பார்க்கவும் கெத்தாக இருக்கும். விலையோ சில ஆயிரத்தில் ஆரம்பித்து எங்கேயோ போகிறது. கடைக்காரர் ஒன்று சொல்வார், சிங்கப்பூர் மாமா ஒன்று சொல்வார், யூடியூபில் வெள்ளைக்காரர் ஒன்று சொல்வார்.

நான் படிப்பது பி.காம். எலெக்ட்ரானிக்ஸ் என் பாடம் கிடையாது. ஆனால் இந்தக் கேள்விக்குள் நுழைந்து பார்த்தால் எலெக்ட்ரானிக்ஸைவிட வரலாறும் கணக்கும்தான் அதிகமாக இருக்கிறது. எனக்குப் புரிந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒயர்லெஸ் வாங்குகிறவர் ஒரு பெட்டியை வாங்குகிறார். கூடவே காற்றில் ஒரு துண்டு இடத்தையும் நம்பிப் பணம் போடுகிறார். பெட்டி அவருக்குச் சொந்தம். அந்த இடம் வேறு யாருக்கோ சொந்தம். அந்த 'யாரோ' இதுவரை பலமுறை மாறியிருக்கிறார். அந்தக் கதை தெரிந்தால் எந்தப் பெட்டி வாங்குவது என்பது பாதி புரிந்துவிடும்.

நடந்துகொண்டே பாடிய ஊர்

எங்கள் ஊருக்குப் பக்கத்தில்தான் சென்னிகுளம். காவடிச்சிந்து பாடிய அண்ணாமலை ரெட்டியாரின் ஊர். கழுகுமலை முருகனைப் பாடிய அந்தச் சிந்து, உட்கார்ந்து கேட்பதற்கு மட்டும் உண்டான பாட்டு இல்லை. தோளில் காவடியோடு நடக்கிறவர்களின் பாட்டு. அடி எடுத்து வைக்கிற தாளம் அதற்குள்ளேயே இருக்கிறது. பாடுகிறவரும் நகர்கிறார், கேட்கிறவரும் நகர்கிறார்.

நாகஸ்வரமும் அப்படித்தான். சாமி புறப்பட்டால் நாகஸ்வரமும் தவிலும் வீதியில் கூடவே வரும். திருநெல்வேலிச் சீமையின் காருகுறிச்சி அருணாசலம் (1921 - 1964) போன்றவர்கள் வளர்ந்த கலை, திறந்த வெளியில் எந்த மின்சாரமும் இல்லாமல் தெரு முழுக்கக் கேட்கிற கலை.

நாடக மேடையில் குரலே ஒலிபெருக்கி. எங்கள் மாவட்டத்துச் செங்கோட்டையில் பிறந்த எஸ்.ஜி. கிட்டப்பா, கடைசி வரிசைக்கும் எட்டுகிற உச்சஸ்தாயிக் குரலுக்குப் பெயர் போனவர். 1933-இல் 27 வயதிலேயே இறந்துவிட்டார். அந்தக் காலத்தில் குரல் எட்டாதவருக்கு மேடையே கிடையாது. தொண்டைதான் முதலீடு என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

மைக் வந்தது, கால் நின்றது

பிறகு மைக் வந்தது. இந்தியாவில் ஒலிபெருக்கி பரவியதில் அரசியல் கூட்டங்களுக்குப் பெரிய பங்கு உண்டு. காந்தி, நேரு பேசும் பழைய படங்களில் மைக்கின் மேல் 'சிகாகோ ரேடியோ' என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பெயரில்தான் சிகாகோ, அது மோட்வானே குடும்பத்தின் இந்திய நிறுவனம். 1940-இல் தொடங்கிய அஹூஜா நிறுவனத்தின் ஆம்ப்ளிஃபயரும் கூம்பு ஸ்பீக்கரும் பின்னால் வந்த கோவில் கொடைகளையும் கல்யாண வீடுகளையும் பிடித்துக்கொண்டன. மைக் செட்காரர் என்று ஒரு தொழிலே உருவானது.

மைக் செய்த நன்மை பெரியது. உச்சஸ்தாயி இல்லாதவரும் பாட முடிந்தது. மெல்லிய குரலின் நெளிவு சுளிவு கடைசி ஆளுக்கும் கேட்டது. வில்லுப்பாட்டில் மெதுவாகச் சொல்கிற கிண்டலும் கூட்டத்தைச் சிரிக்க வைத்தது. பாவலர் வரதராசன் தன் தம்பிகளோடு கம்யூனிஸ்ட் மேடைகளில் ஊர் ஊராகப் பாடியதெல்லாம் மைக் இருந்த காலத்துக் கதை. அந்தத் தம்பிகளில் ஒருவர் இளையராஜா.

ஆனால் மைக் ஒரு விலையும் கேட்டது. அதன் முன்னால் அசையாமல் நிற்க வேண்டும். வாய் ஒரு சாண் விலகினால் சத்தம் போய்விடும். நடந்துகொண்டே பாடிய மனிதனை மைக் ஒரே இடத்தில் நிறுத்திவிட்டது. சினிமாவில் மட்டும் இந்தத் தொல்லை கிடையாது, ஏனென்றால் பாட்டு ஏற்கெனவே ஒலிப்பதிவு ஆகிவிட்டது. 1982-இல் 'பயணங்கள் முடிவதில்லை' வந்து, மேடைப் பாடகன் வேஷத்தில் மோகன் 'மைக் மோகன்' ஆகிவிட்டார். படத்தில் கையில் இருக்கும் மைக் வேலை செய்ய வேண்டிய அவசியமே இல்லை :-)

கிடாரும் ஷாக்கும்

இனி கிடார். இது சத்தம் குறைந்த வாத்தியம். டிரம்ஸ், டிரம்பெட்டுக்கு நடுவே காணாமல் போய்விடும். அதனால்தான் அமெரிக்காவில் 1930-களின் தொடக்கத்தில் ஜார்ஜ் பூஷாம்ப் என்பவர் காந்தத்தையும் செப்புச் சுருளையும் வைத்து, கம்பியின் அதிர்வை நேராக மின்சாரமாக மாற்றினார். ரிக்கன்பேக்கர் நிறுவனத்தின் அந்த கிடார், வடிவத்தைப் பார்த்து 'வாணலி' என்றே பட்டப்பெயர் வாங்கியது. 1950-களில் ஃபெண்டர், கிப்சன் நிறுவனங்களின் எலெக்ட்ரிக் கிடார்கள் உலகமெங்கும் போயின.

1976-இல் 'அன்னக்கிளி' வந்தது. அதற்குப் பிறகு இளையராஜா பாட்டுகளில் கிடாரும் பேஸ் கிடாரும் எவ்வளவு முக்கியமான இடம் பிடித்தன என்று சொல்லவே வேண்டாம். அந்தப் பாட்டை ஊர் மேடையில் அப்படியே வாசிக்க வேண்டும் என்றால் ஆர்க்கெஸ்ட்ராவில் ஒரு கிடார்க்காரர் இருந்தே ஆக வேண்டும். கர்நாடக மேடையிலும் மின்சாரம் வந்தது. யு. ஸ்ரீனிவாஸ் (1969 - 2014) வாசித்தது எலெக்ட்ரிக் மாண்டலின். கமகம் நீண்டு நிற்க அது தேவைப்பட்டது.

எலெக்ட்ரிக் கிடார் வந்ததும் ஒயரும் கூடவே வந்தது. ஒயரால் மூன்று தொல்லைகள்.

முதல் தொல்லை எல்லோருக்கும் தெரியும். கால் தடுக்கும், பிளக் பிடுங்கிக்கொள்ளும்.

இரண்டாவது, நீளமான ஒயர் கிடாரின் கூர்மையான சத்தத்தைக் கொஞ்சம் தின்றுவிடும். ஒயருக்குள் நடுக்கம்பியும் அதைச் சுற்றிய வலையும் சேர்ந்து ஒரு கெபாசிட்டர் போல வேலை செய்வதுதான் காரணம். நீளம் கூடக்கூட சத்தம் மழுங்கும்.

மூன்றாவதுதான் ஆபத்தானது. கிடாரின் கம்பிகள் ஒயரின் வழியாக ஆம்ப்ளிஃபயரின் எர்த்தோடு சேர்ந்திருக்கின்றன. பாடுகிறவரின் மைக் வேறொரு ஆம்ப்ளிஃபயரில் இருக்கிறது. இரண்டில் ஏதாவது ஒன்றுக்கு எர்த் சரியில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். விரல் கிடார் கம்பியிலும் உதடு மைக்கிலும் பட்டால், நடுவில் மனிதனே ஒயர் ஆகிவிடுவான். 1972 மே மாதம் வேல்ஸில் உள்ள ஸ்வான்ஸீ நகர மேடையில், 'ஸ்டோன் த க்ரோஸ்' குழுவின் கிடார் கலைஞர் லெஸ் ஹார்வி எர்த் இல்லாத மைக்கைத் தொட்டு ஷாக் அடித்து இறந்துபோனார். 1976 டிசம்பரில் ஃப்ளோரிடாவின் லேக்லேண்டில், 'கிஸ்' குழுவின் ஏஸ் ஃப்ரேலி எர்த் இல்லாத கைப்பிடிக் கம்பியைப் பிடித்து ஷாக் வாங்கி, உயிர் தப்பினார்.

கோவில் கொடை மேடையைப் பார்த்தவர்களுக்கு இது தூரத்து ஊர் கதையாகத் தோன்றாது. ஜெனரேட்டர் ஒரு பக்கம், கொக்கி போட்ட லைன் ஒரு பக்கம், இரண்டு பின் பிளக், நனைந்த தரை. ஆடி மாதச் சாரல் வேறு.

ஒயர் இல்லாத வழி

ஒயர் இல்லாமல் மேடைச் சத்தத்தை அனுப்பும் முயற்சி அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. 1953-இல் அமெரிக்காவின் ஷூர் நிறுவனம் 'வேகபாண்ட்' என்ற ஒயர்லெஸ் மைக்கை மேடைக் கலைஞர்களுக்காக விற்றது. வேகபாண்ட் என்றால் நாடோடி. டிரான்சிஸ்டர் பரவலாக வராத காலம். உள்ளே இருந்தவை சின்னச் சின்ன வால்வுகள். ஜெர்மனியில் 1950-களின் கடைசியில் ஸென்ஹைஸர் நிறுவனம் தொலைக்காட்சிக்காக ஒயர்லெஸ் மைக் செய்தது. ஆனால் இரண்டு பிரச்சினைகள் விடவில்லை: இரைச்சல், நடுவில் சத்தம் அறுந்துபோவது.

அறுந்துபோவது ஏன் என்பதை ஆன்டெனா திருப்பிய தலைமுறை உடனே புரிந்துகொள்ளும். கொடைக்கானல் நிலையத்தைப் பிடிக்க மாடியில் ஒருவர் ஆன்டெனாவைத் திருப்புவார், கீழே இன்னொருவர் "வந்துருச்சி... போயிருச்சி..." என்று கத்துவார். அலை நேராகவும் வருகிறது, சுவரில் பட்டுத் திரும்பியும் வருகிறது. இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும் இடத்தில் ஆன்டெனா இருந்தால் படம் போய்விடும். ஓர் அடி தள்ளி வைத்தால் வந்துவிடும். மேடையில் கிடார்க்காரர் நடந்துகொண்டே இருப்பதால் இந்த விளையாட்டு நொடிக்கு நொடி நடக்கும். இதற்கு மருந்து, ரிசீவரில் இரண்டு ஆன்டெனா வைத்து, எதில் அலை நன்றாக வருகிறதோ அதை எடுத்துக்கொள்வது. இதற்கு 'டைவர்சிட்டி' என்று பெயர். மாடியில் ஏறி நிற்கும் தம்பியின் வேலையை ஒரு சர்க்யூட் செய்கிறது, அவ்வளவுதான்.

இரைச்சலுக்கு வேறு மருந்து. எங்கள் ஊர் தறி ஊர் என்பதால் பஞ்சை வைத்துச் சொல்கிறேன். பஞ்சை அப்படியே லாரியில் ஏற்ற முடியாது. அமுக்கிப் பொதியாகக் கட்டி ஏற்றி, மில்லில் இறக்கிப் பிரிப்பார்கள். கிடார் சத்தத்தையும் அப்படியே அமுக்கி அனுப்பி, ரிசீவரில் பிரித்தார்கள். இதன் பெயர் 'கம்பாண்டர்'. 1970-களின் நடுவில் அமெரிக்காவின் கென் ஷாஃபர் இந்த இரண்டு மருந்தையும் சேர்த்து 'ஷாஃபர் வேகா டைவர்சிட்டி சிஸ்டம்' என்ற கருவியைச் செய்தார். லேக்லேண்ட் ஷாக்குக்குப் பிறகு கிஸ் குழு இதற்கு மாறியது. 'ஏசி/டிசி' குழுவில் மேடை முழுக்க ஓடி ஓடி வாசிக்கும் ஆங்கஸ் யங் இதைப் பயன்படுத்தினார்.

வேடிக்கை என்னவென்றால், அமுக்கிப் பிரித்த பஞ்சு பழைய பஞ்சு மாதிரியே இருக்காது. சத்தத்தில் கொஞ்சம் மாற்றம் வரும். ஆங்கஸ் யங்குக்கு அந்த மாற்றம் பிடித்துப்போய், ஒயரே போதுமான ஒலிப்பதிவுக் கூடத்திலும் அந்தக் கருவியைப் பயன்படுத்தினார்.

காற்று யாருடையது?

இதுவரை கருவியின் கதை. இனிமேல்தான் என் பாடம், அதாவது சொத்தும் வாடகையும்.

ஒயர்லெஸ் கருவிக்குக் காற்றில் ஓர் அலைவரிசை வேண்டும். உலகமெங்கும் மேடைக்காரர்கள் செய்தது ஒன்றுதான். தொலைக்காட்சிக்கு ஒதுக்கிய அலைவரிசைகளில் அந்த ஊரில் எந்த நிலையமும் இல்லாத காலி இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டார்கள். முதலில் வி.எச்.எஃப்., பிறகு 470 மெகாஹெர்ட்ஸுக்கு மேலே யு.எச்.எஃப். சினிமா தியேட்டரில் ஆள் வராத சீட்டில் உட்காருவது மாதிரி. டிக்கெட்காரர் வந்தால் எழுந்துவிட வேண்டும்.

டிக்கெட்காரர் வந்தார். அவர் பெயர் செல்போன். தொலைக்காட்சி டிஜிட்டலுக்கு மாறி இடம் மிச்சமானதும், அரசாங்கங்கள் அந்த இடத்தை போன் கம்பெனிகளுக்கு விற்றன. அமெரிக்காவில் 700 மெகாஹெர்ட்ஸ் பகுதியில் இயங்கிய ஒயர்லெஸ் மைக்குகளை 2010 ஜூன் 12-க்குப் பிறகு பயன்படுத்தக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அங்கிருந்து 600-க்கு இறங்கியவர்களையும் விடவில்லை. 2017 ஏலத்துக்குப் பிறகு அதில் பெரும்பகுதியை 2020 ஜூலை 13-க்குள் காலி செய்ய வேண்டியதானது. பிரிட்டனிலும் இதே கதைதான். ஆனால் அங்கே 'சேனல் 69' என்ற இடத்துக்கு முறையாக உரிமம் வாங்கி வைத்திருந்தவர்களுக்குப் புதுக் கருவி வாங்க ஒரு பகுதிப் பணம் கொடுத்தார்கள்.

இந்தியாவில் சட்டம் இன்னும் பழையது. 1885-இன் தந்திச் சட்டம், 1933-இன் கம்பியில்லாத் தந்திச் சட்டம். 1933 சட்டப்படி உரிமம் இல்லாமல் ஒயர்லெஸ் கருவியை வைத்திருப்பதே குற்றம். வீட்டில் பாட்டுக் கேட்கிற ரேடியோவுக்கே தபாலாபீசில் பணம் கட்டி லைசென்ஸ் புதுப்பித்த காலம் 1980-கள் வரை இருந்தது. தாத்தாக்களைக் கேட்டால் சொல்வார்கள். 2023-இல் நிறைவேறிய தொலைத்தொடர்புச் சட்டம் இந்த இரண்டுக்கும் பதிலாகக் கொண்டுவரப்பட்டு, 2024 முதல் பகுதி பகுதியாக நடைமுறைக்கு வரத் தொடங்கியது. பழைய சட்டமோ புதிய சட்டமோ, காற்றுக்கு முதலாளி அரசு என்பதில் மாற்றமில்லை.

இதில் ஒரு சின்னக் கதவு 2005 ஜனவரியில் திறந்தது. 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் (2400 முதல் 2483.5 மெகாஹெர்ட்ஸ் வரை) குறைந்த சக்திக் கருவிகளுக்கு உரிமம் வேண்டாம் என்று மத்திய அரசு விதி கொண்டுவந்தது. 2018-இல் 5 கிகாஹெர்ட்ஸிலும் பெரிய இடம் திறந்தது. இவை வை-ஃபையை மனதில் வைத்துத் திறந்த கதவுகள். கிடார்க்காரர்கள் அதே கதவு வழியாக உள்ளே நுழைந்துகொண்டார்கள். 2010 வாக்கில் லைன் 6 போன்ற நிறுவனங்களின் டிஜிட்டல் கிடார் ஒயர்லெஸ் இந்த 2.4-இல் வந்தது. இன்று கடையில் கட்டைவிரல் அளவில் விற்கும் செட்டுகளும் பெரும்பாலும் இங்கேதான் ஓடுகின்றன.

ஒரு சேனலின் விலை

இப்போது கொஞ்சம் கணக்கு. 700 மெகாஹெர்ட்ஸ் பகுதியை இந்திய அரசு 2016-இல் ஏலம் விட்டது, யாரும் வாங்கவில்லை. 2021-இலும் போகவில்லை. விலையைக் குறைத்து 2022-இல் மறுபடி விட்டபோது ஜியோ நாடு முழுக்க 10 மெகாஹெர்ட்ஸ் வாங்கியது. விலை 39,270 கோடி ரூபாய். அதாவது ஒரு மெகாஹெர்ட்ஸ் 3,927 கோடி.

ஒரு சாதாரண அனலாக் ஒயர்லெஸ் மைக்குக்குச் சுமார் 0.2 மெகாஹெர்ட்ஸ் அகலம் வேண்டும். 3,927-ஐ 0.2-ஆல் பெருக்குங்கள். 785 கோடியே 40 லட்சம்! உடனே அடிக்க வராதீர்கள். அது நாடு முழுவதற்கும் 20 வருஷத்துக்குமான விலை, மேடைக்கும் அதற்கும் நேரடி ஒப்பீடு இல்லை. ஆனாலும் நம் கையில் இருக்கும் சில ஆயிரம் ரூபாய்ப் பெட்டி எவ்வளவு விலையுள்ள மனையில் குடிசை போட்டு நிற்கிறது என்பதற்கு இது ஓர் அடையாளம்.

மனையைக் காலி செய்யச் சொல்ல ஆள்கூட வர மாட்டார்கள். டவர் வேலை செய்ய ஆரம்பித்ததும் மேடையில் "கர்ர்ர்" என்று சத்தம் வரும். பெட்டியில் பழுது எதுவும் இருக்காது. மெக்கானிக் பிரித்துப் பார்த்து "நல்லாத்தானே இருக்கு" என்பார். பிரிட்டன்காரருக்குக் காட்ட ஓர் உரிமச் சீட்டு இருந்தது. உரிமப் பதிவேட்டிலேயே இல்லாதவர் எதைக் காட்டி இழப்பீடு கேட்பார்?

அக்கவுண்டன்சியில் தேய்மானம் என்று படிக்கிறோம். லாரி ஓடித் தேய்கிறது, தறி ஓடித் தேய்கிறது. ஒயர்லெஸ் செட் ஓடாமலே, டெல்லியில் நடக்கும் ஏலத்தில் தேய்கிறது. கடன் வாங்கிக் கருவி வாங்கும் ஆர்க்கெஸ்ட்ராக்காரருக்கு இது விளையாட்டு விஷயம் இல்லை. ஒரு கொடை சீசனின் சம்பாத்தியம் அப்படியே பரணுக்குப் போய்விடும்.

வெளிநாட்டு மாமா விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் 902 முதல் 928 மெகாஹெர்ட்ஸ் வரை உரிமம் இல்லாமல் பயன்படுத்தலாம். அங்கே அந்த இடத்தில் ஓடும் ஒயர்லெஸ் செட்டுகள் விற்பனையில் உண்டு. இந்தியாவில் 890 முதல் 915 வரை செல்போன் டவருக்குப் பேசும் இடம். அந்த செட்டை இங்கே கொண்டுவந்து போட்டால், முன்வரிசையில் இருப்பவர் போன் எடுத்ததும் உங்கள் கிடாருக்குள் அவரும் வருவார். நீங்களும் அவருடைய போனுக்குத் தொல்லை தருவீர்கள், அது சட்டப்படி தப்பும்கூட. மாமா அன்போடு அனுப்பியதில் குறையில்லை. அது வேறு நாட்டுக் காற்றுக்குச் செய்த பெட்டி.

அப்போ எது வாங்கலாம்?

இவ்வளவு கதைக்குப் பிறகு கடைக்குப் போனால் நான் இந்த வரிசையில்தான் யோசிப்பேன்.

முதலில், நீங்கள் நிஜமாகவே நடக்கிறீர்களா? ஸ்டூலில் உட்கார்ந்து ரிதம் வாசிப்பவருக்கு 20 அடி நல்ல ஒயரை மிஞ்சிய சிஸ்டம் எதுவும் கிடையாது. பேட்டரி தீராது, ஏலமும் தொடாது. ஒயர்லெஸ் என்பது நடப்பவருக்கும், ஷாக் பயம் உள்ள மேடையில் ஏறுபவருக்கும். ஒன்றைக் கவனியுங்கள், ஒயர்லெஸ் கிடாரை மட்டும்தான் எர்த் சிக்கலிலிருந்து பிரிக்கும். மற்ற மைக்கும் இரும்புக் கம்பியும் அப்படியே இருக்கும். மைக் செட்காரரிடம் எர்த் கேட்பதை விட்டுவிடாதீர்கள்.

இரண்டாவது, கம்பெனிப் பெயரைப் பார்ப்பதற்கு முன்பு பெட்டியில் போட்டிருக்கும் அலைவரிசை எண்ணைப் பாருங்கள். 700-ஐ ஒட்டியும் 800, 900-களிலும் இருந்தால், பழைய செட்டு மலிவாகக் கிடைக்கிறது என்று யார் சொன்னாலும் விலகிவிடுங்கள். ஏன் மலிவு என்பதற்கு மேலே காரணம் இருக்கிறது. 500-களில் ஓடும் நல்ல யு.எச்.எஃப். செட்டு மேடையில் உறுதியாக நிற்கும், ஆனால் விலை அதிகம். அதற்கு உரிம நிலவரம் என்ன என்று விற்பவரிடம் எழுத்தில் கேளுங்கள். மத்திய அரசின் ஒயர்லெஸ் திட்டமிடல் பிரிவு (டபிள்யூ.பி.சி.) தரும் கருவி ஒப்புதல் இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

மூன்றாவது, 2.4 செட்டின் பலமும் பலவீனமும் ஒன்றுதான். யாரும் வரலாம் என்பதால் எல்லோரும் வந்துவிடுவார்கள். வை-ஃபை, ப்ளூடூத், கூட்டத்தில் இருக்கும் அத்தனை ஹாட்ஸ்பாட்டும் அங்கேதான். போதாததற்கு, மனித உடம்பில் பெரும்பகுதி தண்ணீர். இந்த அலையை உடம்பு நன்றாக உறிஞ்சும். சாயங்காலம் நாலு மணிக்குக் காலி மைதானத்தில் டெஸ்ட் செய்தால் கடைசி வரை எடுக்கும். ராத்திரி பத்தாயிரம் பேர் வந்த பிறகு, அவ்வளவு போனும் அவ்வளவு உடம்பும் சேர்ந்து, அதே செட் பாதித் தூரத்தில் திணறலாம். அதனால் ரிசீவரை மிக்ஸர் பக்கத்தில் கூட்டத்துக்கு நடுவே வைக்காதீர்கள். மேடையிலேயே, கிடார்க்காரரின் கண்ணுக்குத் தெரியும் உயரத்தில் வையுங்கள். ஆன்டெனாவை மாடியில் வைத்தோமே, அதே புத்திதான். 5.8 கிகாஹெர்ட்ஸ் செட்டில் நெரிசல் குறைவு, ஆனால் தடுப்புகளை இன்னும் குறைவாகவே தாண்டும். மேடைக்குள் மட்டும் நடப்பவருக்குச் சரி.

நான்காவது, தாமதம். டிஜிட்டல் செட் சத்தத்தை எண்ணாக மாற்றி அனுப்பித் திரும்ப மாற்ற சில மில்லி வினாடி எடுக்கும். சத்தம் காற்றில் ஒரு மீட்டர் போகவே சுமார் 3 மில்லி வினாடி ஆகும். ஆக 6 மில்லி வினாடி தாமதம் என்றால் ஸ்பீக்கரிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி நிற்பதற்குச் சமம், பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் பாட்டுக் கேட்கும் சாதாரண ப்ளூடூத்தில் இது 100 மில்லி வினாடியைத் தாண்டும். மைதானத்தின் அந்தக் கோடியில் நின்று வாசிப்பது மாதிரி. தபலாக்காரர் உங்களை முறைப்பார்.

ஐந்தாவது, குழுவில் எத்தனை பேர் ஒயர்லெஸ் போடப் போகிறீர்கள் என்று சேர்ந்து உட்கார்ந்து பேசுங்கள். ஆளுக்கொரு கம்பெனி, ஆளுக்கொரு செட் என்று வாங்கினால் ஒருவரையொருவர் மேடையிலேயே வெட்டிக்கொள்வீர்கள். ஒரே மேடையில் எத்தனை செட் சேர்ந்து ஓடும் என்பதைத் தயாரிப்பாளரே எழுதியிருப்பார்.

கடைசியாக, கணக்கு எழுதும்போது ஒயர்லெஸ் செட்டின் ஆயுளைப் பத்து வருஷம் என்று போடாதீர்கள். நாலைந்து வருஷத்தில் போட்ட பணத்தை எடுக்க முடியும் என்றால் வாங்குங்கள். எடுக்க முடியாது என்றால் அந்த விலைக்குக் கீழே வாங்குங்கள், அல்லது வாடகைக்கு எடுங்கள். அடுத்த ஏலம் எப்போது, எந்த எண்ணில் என்று நம் யாரிடமும் கேட்கப் போவதில்லை.

சென்னிகுளத்துச் சிந்தைப் பாடிக்கொண்டு கழுகுமலைக்கு நடந்தவர்களுக்குக் காற்று இலவசமாக இருந்தது. மைக் அவர்களை நிறுத்தியது, ஒயர்லெஸ் மறுபடி நடக்க விட்டிருக்கிறது, வாடகைதான் புதுசு. வாடகை வீட்டில் இருப்பவர் எப்போதும் செய்கிற ஏற்பாடு ஒன்றுண்டு: அவசரத்துக்கு ஒதுங்க இன்னொரு இடம். கிடார்க்காரருக்கு அது, பையில் சுருட்டி வைத்த ஒரு நல்ல ஒயர்.